சரிகையில் போட்ட இரண்டு பெயர்கள்

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். இந்தக் கையெழுத்தால் சின்ன வயதில் நான் பட்ட பயத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நெசவுத் தறிக்கு அடியில் வெட்டிய தறிக்குழிக்குள் காலை விட்டால் கத்திரி வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். 1991ஆம் வருஷக் கோடை விடுமுறையில் எனக்கு வயது பத்து, அண்ணன் ஏகாம்பரத்துக்குப் பத்தொன்பது. எங்கள் இரண்டாவது தறியில் புடவை நெய்து அறுத்தெடுத்தது போக மிச்சம் நின்ற பாவு நூலில், கை பழகட்டும் என்று நைனா, அதாவது எங்கள் அப்பா, விட்டுவிட்டதால், அண்ணன் ஒரு பொன்னாடை நெய்துகொண்டிருந்தான். அது தேர்தல் சமயம். முன்பு பிரதமராக இருந்த பெரிய தலைவர் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்துக்கு வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பூமாலையைவிடப் பட்டுத் துண்டு போடுவதுதான் மரியாதை. அண்ணன் அந்தத் துண்டைத் தன் கையாலேயே அவர் தோளில் போட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

"டெல்லிக்குப் போயி பிரிச்சிப் பாத்தா யாரு நெய்ஞ்சதுன்னு தெரிய வேணாமாடா?" என்று கேட்டு, துண்டின் முனையில் சரிகையில் பெயர் போட முடிவு செய்தான். அதற்கு முதலில் எழுத்தைக் 'கட்டம்' போட்ட தாளில் எழுதி, கட்டத்துக்குக் கட்டம் எண்ணி இழை எடுக்க வேண்டும். கட்டத் தாள் என் கணக்கு நோட்டில்தான் இருந்தது. என் பெயரையும் போட்டால்தான் எழுதித் தருவேன் என்று நான் அடம் பிடித்தேன்.

"தலைவரு உன் பேரப் படிச்சிட்டு இன்னாடா பண்ணப் போறாரு? சோறு போடப் போறாரா?" என்று தலையில் குட்டினான். ஆனாலும் போட்டான். 'ஏகாம்பரம், வரதன், நடுத்தெரு, காஞ்சி.' நைனா வெளியே போயிருந்த இரண்டு மத்தியானங்களில் அது முடிந்தது. நெய்தது உடனே உருளையில் சுருண்டுவிட்டதால் வேறு யாரும் பார்க்கவில்லை. என் கோணல் எழுத்து தங்கமாக மின்னியதைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் துண்டைப் பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "வரதர் கோயில் பக்கம் போய்க்கீறான், கூட்டாளி வூட்ல படுத்துக்குவான்னு சொல்லு. மாத்திச் சொன்னே, தோல உரிச்சிடுவேன்" என்று சிரித்துவிட்டு லாரி ஏறப் போனான்.

மறுநாள் விடிந்ததும் வெளியே போன நைனா உடனே திரும்பி வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். "ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெச்சிட்டாங்களாம். மால போடற எடத்துலயே வெடிச்சிதாம். தலைவரு போய்ட்டாரு, சுத்தி நின்ன ஜனமும் போய்ட்டுதாம்" என்றார். அப்புறம்தான் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "ஏகாம்பரம் எங்க?" என்று கேட்டார்.

"கோயில் பக்கம் போய்க்கீறான். நல்லவேளை, ஊர்லதான் கீறான்" என்று அம்மா சொன்னாள். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலை போடுகிற இடத்தில்தான் அண்ணன் நின்றிருப்பான் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே கடைகளின் 'ஷட்டர்' ஒவ்வொன்றாக இறங்கும் சத்தமும், எங்கோ கண்ணாடி நொறுங்கும் சத்தமும், டயர் எரியும் நாற்றமும் வந்துகொண்டிருந்தன. பஸ் ஓடவில்லை. நான் ஆளில்லாத தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். சோற்றுக்கு அம்மா கூப்பிட்டபோதுதான், "அண்ணன் துண்டு போடப் போச்சும்மா" என்று சொன்னேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. நைனா சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார். அம்மா கதவிடுக்கில் கண்ணை வைத்தபடி நின்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், ராஜகுளத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரமாகச் செருப்பில்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தவனை நைனா பார்த்திருக்கிறார். அம்மா அவன் கை, கால், முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள்.

"லிஸ்ட்ல பேரு இல்லன்னு போலீஸ்காரரு வரிசைலேர்ந்து தள்ளி வுட்டுட்டாரும்மா. முன்னாடி கண்ணாடி போட்ட பெரியவரு ஒருத்தரு நின்னாரு. நீங்களாவது போட்டுடுங்க ஐயான்னு குடுத்தேன். நல்லா நெய்ஞ்சிக்கிறியேப்பான்னு வாங்கிக்கினாரு. நான் பின்னால போய்ட்டேன்" என்றான்.

நான்தான் கேட்டேன்: "அப்ப துண்டுல நம்ம பேரு?"

அப்போதுதான் நைனாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் எழுந்து போய் என் கணக்கு நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகக் கிழித்து அடுப்பில் போட்டார். "யாராவது வந்து பேரு சொல்லிக் கூப்ட்டா பதில் சொல்லாதீங்க. ரெண்டு பேருக்குந்தான் சொல்றேன்" என்றார்.

அதன் பிறகு நாடு முழுவதும் தேடுதல். தேடப்படுகிறவர்களின் படங்கள் பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டப்பட்டன. வெளியூர் ஆள் யாராவது குடியிருக்கிறார்களா என்று போலீஸார் வீடு வீடாகக் கேட்டார்கள். அந்த மைதானத்தில் கிடந்த பொருள்களை வைத்தே ஒவ்வொருவராகப் பிடிக்கிறார்களாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பெயரும் தெருவும் சரிகையில் அங்கேதான் கிடக்கின்றன என்று நினைத்து, ஜீப் சத்தம் கேட்டால் நைனாவின் தறி நின்றுவிடும். அது தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி ஓடும்.

ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனேன். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் பார்த்து, "வரதன்!" என்று உரக்கக் கூப்பிட்டபோது, 'உள்ளேன் ஐயா' என்று சொல்லாமல் பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு வந்தவன் மறுபடி போகவில்லை. நைனாவும் போகச் சொல்லவில்லை. என் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடம் குறைந்தது என்று நினைத்தாரோ என்னவோ, தறியில் உட்கார வைத்தார். யாரிடமும் முகம் பார்த்துப் பேசாத பழக்கம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

கடைசிவரை யாருமே வரவில்லை. அந்தத் துண்டு எரிந்துபோனதா, இல்லையா, தெரியாது. இப்போது நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஊருக்குத் தலைவர்கள் வந்தால் கம்பித் தடுப்புகளும் சோதனை வாசல்களும் வந்துவிடுகின்றன. துண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நெசவாளி பக்கத்தில் போகிற காலம் முடிந்துவிட்டது. அண்ணன் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. வருஷா வருஷம் இந்த நாளில் தறியில் இறங்கமாட்டான். இன்று காலையிலும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "துண்ட வாங்கிக்கின அந்தப் பெரியவருக்குப் புள்ளைங்க இருந்திருக்கும், இல்லடா?" என்று கேட்டான்.

எங்கள் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று இத்தனை வருஷமும் பயந்தோமே தவிர, அந்தக் கண்ணாடிக்காரர் யார், பிழைத்தாரா என்று ஒருநாளும் போய் விசாரிக்கவில்லை. விசாரித்தால் துண்டு எங்களுடையது என்று சொல்ல வேண்டியிருக்கும். அது எங்களுடையதுதான். அவருடைய வீட்டார் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: முனையில் சரிகை எழுத்து போட்ட பட்டுத் துண்டை அவரிடம் கொடுத்தவன் என் அண்ணன், அந்தக் கோணல் எழுத்து என்னுடையது.

ஏகாம்பரம், வரதன், நடுத்தெரு, காஞ்சி.
21 மே 2024, செவ்வாய்க்கிழமை.