ஆறு அணுத் தங்கமும் மேலதிகமாய் ஒரு இலத்திரனும்

சில உலோக அணுக்கள் சேர்ந்து வெற்றிடத்தில் மிதந்தால் அதற்குப் பெயர் கொத்தணி. அதில் ஒரு அணுவோ, அணுவைச் சுற்றும் ஒரு இலத்திரனோ கூடினால் குணம் எப்படித் தலைகீழாகும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். செய்கிற வேலை என்னவென்று வீட்டாருக்கு விளங்கப்படுத்த ஏலாமல் தவிக்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக.

எங்கட தெருத் தங்கம்

நான் தங்கத்தில் ஆராய்ச்சி செய்வதாக அம்மா எங்கள் கடற்கரைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டா. அடுத்த வீட்டுப் பிலோமினா அக்கா உடைந்த தோட்டோடு வந்து நின்றா, ஒட்டித் தரட்டாம். நான் கதிரையைப் போட்டு இருத்தி விளக்கினேன். "அக்கா, உங்கட தோடு வருசக்கணக்காய் அலுமாரிக்குள்ள கிடந்தாலும் காற்றில இருக்கிற ஒட்சிசன் அதைத் தொடாது. ஆனால் அதே தங்கத்தில ஆறே ஆறு அணுவை எடுத்து, ஒரு இலத்திரனைக் கூடக் குடுத்தால், அது ஒட்சிசனைப் பாய்ஞ்சு பிடிக்கும்."

"அந்த ஆறு அணுவைக் கொஞ்சம் காட்டுங்கோவன்."

"கண்ணுக்குத் தெரியாது அக்கா."

அக்கா தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு எழும்பினா. "அப்ப இந்தத் தோட்டை விட்டால் எங்கட வீட்டில இருக்கிற அளவு தங்கம்தான் உங்களிட்டையும் இருக்கு."

நிலாவெளி பஸ்

கொரோனாக் காலம். ஓரிடத்தில் கூட்டமாய்த் தொற்றியவர்களுக்கும் கொத்தணி என்றுதான் பெயர்; அந்தச் சொல்லைச் செய்தியில் கேட்டாலே சனம் கதவைப் பூட்டிய நேரம். பஸ்ஸில் போகும்போது ரமணன் அண்ணா அழைத்தார். அவர் வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் இருக்கிறார். நான் கணக்குப் போடுவதை அவர் கருவியில் அளந்து பார்ப்பார். அன்றைக்கு அலுமினியம். இணைப்புச் சரியில்லாததால் அவர் சொன்னதையெல்லாம் நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

"என்ன, பன்னிரண்டும் பதினாலும் முடிஞ்சுதா? பதின்மூன்று மட்டும் மிச்சமா? ஒட்சிசன் குடுத்தும் எடுக்கேல்லையா? அருமையான கொத்தணி அண்ணா!"

பக்கத்தில் இருந்தவர் எழும்பி முன்னுக்குப் போய் நின்றார். நடத்துநர் எட்டத்தில் நின்றபடியே, எந்த ஊர்க் கொத்தணி என்று கேட்டார். பதின்மூன்று அலுமினிய அணுவும் கூடுதலாய் ஒரு இலத்திரனும் சேர்ந்தால் ஒட்சிசனுக்கும் அசையாத கொத்தணி வரும் என்று பஸ் முழுவதற்கும் வகுப்பெடுத்தேன்.

நடத்துநர் பொறுமையாய்க் கேட்டார். "அலுமினியத்துக்கு ஒண்டும் வராது அக்கா, நீங்கள் மாஸ்க்கை மேல இழுங்கோ."

தோப்பூரில் ஒட்சிசன்

தோப்பூரில் ஒரு பாடசாலைக்கு விளக்கம் சொல்லப் போயிருந்தேன். ஏழு பையன்களை மேடையில் ஏற்றினேன். அணுவுக்கு ஒன்றாய் வெளியில் நிற்கும் ஆறு இலத்திரன், கூடுதலாய்க் கொடுத்தது ஒன்று. இரண்டிரண்டு பேராய்க் கைகோர்க்கச் சொன்னால் ஒருவன் மிஞ்சினான். உடற்கல்வி ஆசிரியர் நசீர் சேர் ஒட்சிசனாக வந்தார். மிஞ்சினவன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். மண்டபம் கைதட்டியது.

பிறகு எட்டாவது பையனை ஏற்றினேன். ஏழு அணுத் தங்கம். எல்லாரும் சோடி. நசீர் சேர் சுற்றிச் சுற்றி வந்தார், கெஞ்சினார், டொபி தருவதாகக்கூடச் சொன்னார். ஒருவனும் கையை விடவில்லை. கடைசியில் முன்வரிசைப் பையன்தான் அவருக்கு வழி சொன்னான்: "எங்கட ஆக்கள் எல்லாம் சோடி சேந்துட்டாங்க சேர், நீங்க வேற கொத்தணியப் பாருங்க."

கூட்டலா, கழித்தலா?

தலைநகரில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, இந்த ஆராய்ச்சிக்காகத்தான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தனான். அப்படியிருக்க, ஆறு அணுத் தங்கம் ஒட்சிசனைத் திரும்பியும் பார்க்கவில்லை என்று ரமணன் அண்ணா எழுதினார். எங்கள் துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. "கருவி பொய் சொல்லாது பிள்ளை. உங்கட கணக்குப் பிழையென்டால் இந்தத் திட்டத்தை இதோட விடுவம்."

கணக்கை முதலிலிருந்து போட்டேன். இடையில் மின்சாரம் போய், அதையும் திரும்பப் போட்டேன். அதே விடை. துறைமுகப் பக்கம் போய்க் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், அழுகைதான் வந்தது.

பிறகு ரமணன் அண்ணா அனுப்பிய அளவீட்டு வரைபை முழுதாய்ப் பார்த்தேன். ஆறு மட்டுமல்ல, நாலு, ஐந்து, ஏழு எல்லாமே ஒரே மாதிரிச் சும்மா கிடந்தன. இலத்திரன் கூடி மறையேற்றம் வந்தால் இரட்டை எண்கள் துள்ளும், ஒற்றை எண்கள் அடங்கும். இங்கே துள்ள ஒருவரும் இல்லை. உடனே அழைத்தேன்.

"அண்ணா, கருவியில ஏற்றக் குறி கூட்டலில நிக்குதோ, கழித்தலில நிக்குதோ?"

"கழித்தல்தான்... பொறுங்கோ தங்கச்சி." கதிரை இழுபடும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. முதலில் பாவித்தவர் கூட்டலில், அதாவது நேரேற்றத்தில், விட்டுப்போன கருவியை யாரும் மாற்றவில்லை. இலத்திரன் கூடின தங்கத்தைப் பற்றி நாங்கள் சண்டை பிடித்தது, இலத்திரன் குறைந்த தங்கத்தை அளந்துவைத்துக்கொண்டு!

மாற்றி அளந்தார்கள். ஆறு துள்ளிக்கொண்டு போய் ஒட்சிசனைப் பிடித்தது. புது வரைபைத் தலைவியின் மேசையில் வைத்தேன். அவ கண்ணாடியைத் திரும்பப் போட்டு, மேலும் கீழும் பார்த்து, திட்டத்தைத் தொடரச் சொன்னா. பிறகு சிரித்தா. "ஓம் பிள்ளை, கருவி பொய் சொல்லேல்லை, நாங்கள்தான் வேற ஆளிட்டைக் கேள்வி கேட்டிருக்கிறம்."

ஒரேயொரு இலத்திரன் கூடினதற்கே தங்கம் இந்த ஆட்டம் ஆடுகிறதென்றால், ஒரு பதவி கூடின மனிசரைப் பற்றி நான் ஒன்றும் கதைக்கப் போவதில்லை.