ஒரு நாளைக்குக்கூட ஆஃப் பண்ண மறுத்தவர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நான் இருந்தபோது, சிதம்பரத்திலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் அவர். ஒல்லியான உடம்பு, தோளில் பெரிய பை. எதையும் தொடுவதற்கு முன் கண்ணாடியைச் சட்டை நுனியில் நிதானமாகத் துடைப்பார். அன்று அந்த நிதானமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பழைய ஸ்கேன் படங்களைத் தானாக எடுத்துத் தரும் மென்பொருள், படங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஸ்டோரேஜோடு இணையவே மாட்டேன் என்றது. பாஸ்வேர்டை மாற்றினேன், சர்வரை மறுபடி இயக்கினேன், ஒன்றும் நடக்காததால் அவரை வரவழைத்தேன். அந்தப் படங்களைப் பார்க்காமல் கிள்ளையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்றார் டாக்டர்.

"இது நம்ம ஸ்டோரேஜ்தான்னு காட்டுற சர்ட்டிபிகேட் காலாவதியாயிடுச்சு சார். ஸ்டோரேஜ் கம்பெனிதான் புதுசு அனுப்பணும்," என்றார் அவர்.

"அந்த சர்ட்டிபிகேட் செக்கிங்கையே ஆஃப் பண்ணிட்டா?"

"ஒடனே கனெக்ட் ஆவும். ஆனா அந்தப் பக்கம் யாருன்னு பாக்காமலே எல்லார் படமும் போவும், வரும்."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்ங்க!"

"அப்பிடி ஆஃப் பண்ணத யாரும் திருப்பி ஆன் பண்ணதில்ல சார்."

நான் கத்தினேன். அவர் அசையவில்லை. புதிய சர்ட்டிபிகேட் வந்துசேர மாலையாகிவிட்டது. சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அந்த அம்மாவிடம் அவரே போய், "என்னாலதாம்மா லேட்டு," என்றார்.

"நாளைக்காவது நடக்குமாப்பா?" என்று அந்த அம்மா கேட்டார்.

மறுநாள் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனாலும் இப்போது யாராவது என்னிடம் "ஆஃப் பண்ணிடலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.