கழிமுகத்துக்கு ஷரத்து இல்லை

பொதுமக்கள் எழுதிக் கேட்கும் அனுமதிக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. துறைமுக அலுவலகத்தில் இருந்தவரை அந்த விதியை நான் மீறியதே இல்லை. இருபத்தொன்பதாம் நாள் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு மேசைக்கு மறுபக்கம் நின்று விண்ணப்பம் கொடுத்தபோது எனக்கு அந்த ஒரு வரிகூட வரவில்லை.

ஆடி ஏழாம் தேதி நான் எழுதிக் கேட்டது, தூத்துக்குடியிலிருந்து பெரியதாழை வரை கடலோரமாக நடந்து போக அனுமதி. புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் அது. எங்கள் ஊர்ப் பார்வையற்ற பிள்ளைகள் விடுதியில் ஓலைக்கூரை மக்கிவிட்டது. போன மழைக்குப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு விடிய விடிய மூலையில் நின்றிருந்தார்கள். நாசரேத்துப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரும் நானும் ஓட்டுக்கடை அண்ணாச்சியிடம் போய் நின்றோம்.

"சும்மா கேட்டா எல்லாரும் கேப்பாவ. பெரியதாழை வரைக்கும் நடந்து காட்டும் வே. மொத்தக் கூரைக்கும் ஓடு எறக்கித் தாரேன்" என்றார் அவர். என் தொந்தியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். 'வழியில் எவ்வித வாகனத்திலும், நீர்வழி ஊர்திகள் உட்பட, ஏறலாகாது. ஏறினால் வாக்குறுதி ரத்து.' அலுவலகத்தில் எழுதி எழுதிப் பழகிய வாசகம். பேனா தானாகவே எழுதிவிட்டது. டீச்சர் படித்துப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்றார்.

அனுமதிக்குக் காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். ஆவணியில் ஒரு விடியற்காலையில் கிளம்பிவிட்டோம். உப்பளங்களைத் தாண்டியதும் ஈரமணல் காலுக்குக் கீழே கெட்டியாக நின்றது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. இத்தனை வருஷம் இந்தக் கடலுக்குக் கோப்பு எழுதியிருக்கிறேன். அதன் ஓரமாக ஒரு மைல் நடந்ததில்லை. டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனார்.

மறுநாள் காலை தாமிரபரணி எங்களை நிறுத்தியது.

ஆறு கடலில் விழும் இடம். அகலமாக, அவசரமே இல்லாமல் கிடந்தது. தாமிரபரணியை இருபது வருஷம் கரும்பலகையில் வரைந்தவர் டீச்சர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் சட்டைப்பையிலிருந்த ஒப்பந்தத்தைப் பார்த்தார்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "வள்ளம் சும்மாத்தானே கெடக்கு, ஏறுங்க சார்" என்றார்.

"ஏற மாட்டாரு! ஏறினா ஓடு கெடையாது. அவரு எழுதின ஷரத்துதான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஓட்டுக்கடை அண்ணாச்சி. எங்களைச் சோதிக்கக் காரில் வந்து, கார் நின்ற இடத்திலிருந்து வெள்ளை வேட்டியும் குடையுமாக நடந்து வந்திருந்தார்.

"ஆழம் எவ்வளவு?" என்றார் டீச்சர்.

"இப்ப வத்தம், தண்ணி எறங்கிக் கெடக்கு. நெஞ்சளவு இருக்கும். ஆனா இழுக்கும் டீச்சர்" என்றார் வலைக்காரர்.

"நீர்வழி ஊர்தின்னு எழுதினது நீங்கதானே சார்? எறங்குங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆற்றில் இறங்கினார்.

நானும் இறங்கினேன். பக்கத்திலேயே வள்ளம் வந்தது. அதில் குடை பிடித்தபடி அண்ணாச்சி. நடு ஆற்றில் தண்ணீர் என் தாடைக்கு ஏறியது. மணல் பாதத்துக்குக் கீழே நழுவிக் கடலை நோக்கி ஓடியது. ஒரு கால் எழும்பிவிட்டது. வள்ளத்திலிருந்து கயிறு வந்து விழுந்தது. நான் பிடிக்கவில்லை, பிடித்தால் ஒப்பந்தம் செல்லுமா என்று யோசித்தேன்.

"புடியும் வே!" அண்ணாச்சி எழுந்து நின்று கத்தினார். வள்ளம் ஆடியது. குடை ஆற்றோடு போனது. "கயித்துக்கு ஷரத்து இல்ல! புடியும்! ஓடும் தாரேன், கைமரமும் தாரேன், செத்துத் தொலைக்காதீரும்!"

பிடித்தேன். டீச்சர் அதற்குள் அக்கரையில் நின்று சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் மணலில் மல்லாந்து விழுந்து சிரித்தேன். ஏன் என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. காயல்பட்டினம் வரும்வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். பெரியதாழையை அடுத்த நாள் சாயங்காலம் தொட்டோம். அண்ணாச்சி எங்களுக்கு முன்பே வந்து, புதுக் குடையோடு நின்றிருந்தார்.

புரட்டாசியில் விடுதிக் கூரைக்கு ஓடு தாங்கும் கைமரம் ஏறியது, ஓடு வேய்ந்தாயிற்று. அதன்பிறகுதான் என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. நடக்க ஆட்சேபணை இல்லை, ஆனால் ஆற்றுக் கழிமுகத்தைக் கால்நடையாகக் கடப்பது தடை செய்யப்படுகிறது, வள்ளத்தில் மட்டுமே கடக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. உரிய காலத்தில் வந்திருந்தால் நான் கீழ்ப்படிந்திருப்பேன். விடுதிக்குக் கொண்டுபோய் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். மேலே புது ஓட்டில் மழை அடித்த சத்தத்தில், மூன்று தடவை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. பதில் கைக்குக் கிடைத்த தேதி: ஐப்பசி ஏழு.