சித்தியின் லில்லிக் கிழங்கு

கோத்தகிரியிலிருந்து சித்தி எங்கள் வீட்டில் தங்க வந்தபோது, சித்தப்பாவின் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பழைய பெயின்ட் வாளியும் இருந்தன. சித்தி வெறுங்கையோடு அவருக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தாள். வாளிக்குள் ஈரமண்ணில் மூன்று கிழங்குகள். ஒவ்வொன்றிலும் சின்ன முறம் அகலத்துக்குப் பளபளவென்று பச்சை இலைகள். மலையில் ஓடை ஓரமெல்லாம் அது தானாகவே வளருமாம். மாதா கோயில் பீடத்துக்கு அதன் வெள்ளைப் பூவைக் கைநிறைய அறுத்துக்கொண்டு போவார்களாம். சித்தி அதை லில்லி என்றாள். அப்பா பார்த்துவிட்டு, "நம்ம வாய்க்கால்ல கெடக்குற சேம்பு மாதிரியில்ல இருக்கு" என்றார்.

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்கு மலையில் ஒரு பூந்தோட்டத்தில் வேலை. அவர் மறுநாளே திரும்பிவிட்டார். சித்தி ரெஸ்ட் எடுக்க வந்திருப்பதாக எனக்குச் சொன்னார்கள். சித்திரை வெயிலில், அதுவும் கடலூர் முதுநகருக்கு, ரெஸ்ட் எடுக்க யாராவது மலையிலிருந்து இறங்கி வருவார்களா? ஒன்பது வயதில் இதைக் கேட்கும் அறிவு எனக்கு இருந்தது. கேட்டேன். அம்மா முறைத்தாள்.

குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில், சுவர் நிழலில், கிழங்குகளை நட்டோம். நட்டோம் என்றால் நான் நட்டேன். சித்தி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். குனியக் கூடாதாம். நாலு பக்கமும் ஈரச்சாக்கு கட்டினோம். அப்படியும் மதியத்தில் இலைகள் துவண்டு தரையில் படுத்துவிடும். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். ஐஸ் பாரை உடைக்கும்போது சிதறும் துண்டுகளை சித்திக்காக டிபன் கேரியரில் கொண்டுவரத் தொடங்கினார். மீனுக்கு வைக்கிற ஐஸைச் செடிக்கு வைக்கிறார்கள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது.

ஐஸ் வைத்தும் இரண்டு கிழங்குகள் அழுகிப்போயின. சித்தி அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரம்தான் சித்தியை சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளம்புவதற்கு முன் அம்மா சமையலறையில் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. "ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு. இதுவாவது தங்கணும் மாதாவே. இதுவும் போச்சுன்னா அவ தாங்க மாட்டா."

மூன்றில் இரண்டு போய்விட்டது உண்மைதான். மிச்சமிருக்கும் ஒன்றில்தான் சித்தியின் உயிர் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை, ஆட்டோவில் ஏறும்போது சித்தி என்னிடம்தான் விட்டுப்போனாள்.

நானும் பார்த்தேன். மூன்று வேளையும் தண்ணீர். சாக்கு காயவிடவில்லை. லீவு நாட்களில் ஒருநாள்கூட விளையாடப் போகவில்லை. நாலாம் நாள் ஓர் இலை மஞ்சளாயிற்று. தண்ணீரைக் கூட்டினேன். எட்டாம் நாள் கடைசி இலையும் கூழாகச் சரிந்தது. கையால் மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தடவிப் பார்த்தேன். என்ன பார்க்கிறோம் என்றே தெரியவில்லை. மூடிவிட்டு அழுதேன்.

மறுநாள் அப்பா என்னை சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் அவரிடம் சொல்லிவிட்டேன். "அட, சரி போவுது. சித்திகிட்ட இப்ப சொல்லாத. மனசு கஷ்டப்படுவாங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். வராந்தாவில் டாக்டரம்மா அப்பாவை நிறுத்தி, காலையில் எடுத்த ஸ்கேனைப் பற்றி ஏதோ பேசத் தொடங்கினார். நான் மட்டும் உள்ளே போனேன். சித்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை பீறிட்டது.

"டாக்டர் அப்பாகிட்ட என்னடி சொல்றாங்க?" என்றாள்.

"அதுவும் போயிடுச்சு சித்தி" என்றேன். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

சித்தி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு வெளுத்ததைப் பார்த்து, நான் நினைத்தது சரிதான், சித்தி சாகப்போகிறாள் என்று பயந்து அலறினேன். "மூணு வேளையும் தண்ணி ஊத்தினேன் சித்தி! சாக்கெல்லாம் நனைச்சேன்! இலையெல்லாம் கூழாயிடுச்சு!"

"இலையா?" என்றாள் சித்தி.

"லில்லி இலை."

அந்த நேரம் அப்பா சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். "எல்லாம் நல்லா இருக்காம். குழந்தையோட துடிப்பு நல்லா கேக்குதாம். இனிமே பயமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

சித்தி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பாதியில் அது அழுகையாக மாறியது. நர்ஸ் ஓடிவந்து அதட்டினார். சித்தி என்னை இழுத்து அணைத்து முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, சித்தப்பாவுக்கு போன் போட்டு நல்ல செய்தியைச் சொல்லி, என்னிடம் கொடுத்தாள்.

சித்தப்பா அந்தச் சந்தோஷத்திலும் தோட்டக்காரப் புத்தியை விடவில்லை. "கிழங்கைத் தொட்டுப் பாத்தியா பாப்பா? கெட்டியா இருக்கா, கொழகொழன்னு இருக்கா?"

"கெட்டியாதான் இருந்துச்சு."

"அப்ப உசுரோடதான் இருக்கு. வெயில் ஜாஸ்தியானா இலையை விட்டுட்டு கிழங்குக்குள்ள போயிடும். தூங்குதுன்னு வெச்சுக்கோயேன். மொதல்ல தண்ணிய நிறுத்து. தூங்குற கிழங்குக்குத் தண்ணி ஊத்தினாதான் அழுகும். மழைக்காலத்துல அதுவா எழுந்து வரும்."

அப்படியே ஆயிற்று. ஐப்பசி மழையில் குளியலறைச் சுவர் ஓரம் சுருட்டிய ஓலை போல ஒரு குருத்து வந்தது. மார்கழிக்குள் நாலு பெரிய இலைகள். பூ மட்டும் எங்கள் ஊரில் கடைசிவரை வரவே இல்லை. அதே ஐப்பசியில் பிறந்த சித்தி மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு எந்தச் செடியின் பெயரும் தெரியாது.

அன்று திரும்பும்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அப்பா பண்ருட்டிப் பலாச்சுளை வாங்கிக்கொடுத்தார். சித்தி வயிற்றில் பாப்பா இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு முறை அவளுக்குக் கரு கலைந்துபோனது தெரிய இன்னும் பத்து வருடம் ஆகவேண்டியிருந்தது. அதனால், ஜன்னலோரம் உட்கார்ந்து, கை பிசுபிசுக்கச் சுளை தின்றபடி, "ஒரு செடிக்குப் போய் சித்தி இவ்ளோ பயந்துட்டாங்களேப்பா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். கடலூர் வரும்வரை எடுக்கவில்லை.