"திரும்புங்க தொரே!"

காப்பிப் பழம் பறித்து முடிந்த ஒரு மாசி மாதம், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. இடம், கண்டி போகம்பறைத் திடல். அன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் எதுவும் மறக்கவில்லை.

அப்போது நான் புசல்லாவைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எங்கள் வெள்ளைக்காரத் தொரை, தோட்டத் தொரைமார் கட்சியில் பந்தாடுகிறவர். எதிர்க்கட்சி கண்டிப் பட்டாளத்துச் சிப்பாய்கள். "கத்துறதுக்கு ஆள் கூட்டிட்டு வா. ஜெயிச்சா திங்கக்கிழமை பேரட்டு இல்லை" என்றிருந்தார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பேரட்டுக்கு நிற்க வேண்டாம் என்றால், மாதக்கணக்கில் ஓயாமல் பழம் பறித்த சனத்துக்கு ஒரு முழுநாள் ஓய்வு! காப்பி மூட்டை வண்டிகளோடு வந்த முப்பது பேரைத் திடலோரம் உட்கார வைத்தேன்.

எங்களில் ஒருவரும் அதற்குமுன் பந்தாட்டம் பார்த்ததில்லை. தொரைமார் இடுப்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். முந்தின நாள் மழைச் சேற்றில் பத்தே நிமிடத்தில் எல்லாரும் ஒரே நிறம். எனக்கோ எதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். பந்து சிறைச்சாலைப் பக்கக் கம்பத்துக்குப் போனால் சந்தோஷமாகக் கத்த வேண்டும், வாவிப் பக்கம் வந்தால் திருப்பச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டுக் கொடுத்தேன்.

பக்கத்தில் நின்ற திகன ஊர்த் துணி வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், பட்டாளத்தின் கட்சி. "சிப்பாய்மார் எங்கிட்டத் துணி வாங்குறாங்க, கணக்கப்புள்ள. ஒங்க தொர என்னத்த வாங்கினார்?" என்று சீண்டினார்.

"கொஞ்சம் பொறுங்க நானா, பாப்போம்" என்றேன்.

பட்டாளம் ஒரு கோல் போட்டது. நானா துள்ளிக் குதித்தார். இரு கட்சியும் எதிரெதிராகத் திடலைக் கடந்து நடந்தன. தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த ஓட்டம்! பந்து எங்கள் தொரையின் காலுக்கு வந்தது. ஒருவனைத் தாண்டினார், இன்னொருவனைத் தாண்டினார், முன்னால் ஆளே இல்லை. ஆனால் ஓடுவது வாவிப் பக்கம்! எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து நின்று, "திரும்புங்க தொரே!" என்று கத்தினேன். முப்பது தொண்டைகளும் சேர்ந்து முழங்கின. தொரை திகைத்துத் திரும்பிப் பார்த்தார். ஒரு சிப்பாய் பந்தைத் தட்டிக்கொண்டு பறந்தான்.

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு கோல் விழுந்தா பக்கம் மாறும் புள்ள! நீங்க எங்க கட்சிக்குத்தானே கத்தினீங்க!"

பிறகு தொண்டை கிழியச் சரியான பக்கம் கத்தியும் பயனில்லை. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

தொரை சேறு சொட்ட எங்களிடம் வந்தார். "யார் திரும்பச் சொன்னது?"

பிந்தி வந்ததற்காக அந்த வாரம்தான் நான் அரைநாள் பேர் போட்டுக் கூலியைக் குறைத்த ஒருவன் முன்னே வந்தான். "எல்லாருந்தான் கத்தினோம், தொரே." மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட என் பக்கம் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் நானும் முன்னே வந்தேன். "மொதல்ல கத்தினது நான்தான், தொரே."

"திங்கக்கிழமை பேரட்டு உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஓய்வு போயிற்றே என்று ஒருவரும் என்னை ஏசவில்லை. திரும்பும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் வண்டி மாடுகளைப் பார்த்து, "திரும்புங்க தொரே!" என்று கூவிக் கூவிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து கூவினேன்.

இன்றும் பந்தாட்டத் திடலில் யாராவது நான் எந்தக் கட்சி என்று கேட்டால், தொரைமார் கட்சி என்று வாய் சொல்லும். மனமோ அந்த முப்பது பேர் நடுவில் போய் நின்றுகொள்ளும்.