மோட்டார் ரூமில் எக்நாக்

பீளமேட்டு சென்னகிருஷ்ணன் மார்கழி மாசத்தில் மோட்டார் ரூமுக்குள் ஒளிந்து குடிக்கிறாராம் என்று தெருவே பேசியது. விசாரித்ததில் பாதிதான் பொய். ரம் இருந்தது, குடிக்கத்தான் ஆள் இல்லை.

கனடாவிலிருக்கும் மகன் ரித்விக் ஒருநாள் போனில், "கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தாலும் வருவனுங்கப்பா. இங்கெல்லாம் அப்ப எக்நாக்தான் குடிப்போம்" என்று சொல்லிவைத்தான். ‘வந்தாலும்’ என்ற சொல் மட்டும் அப்பா காதில் ஏறவில்லை. முட்டை, பால், சர்க்கரை, ஜாதிக்காய், ரம் என்று யூடியூப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"ஏனுங்க, மார்கழில முட்டையா? பெருமாளுக்குப் பொங்கல் வெக்கற அடுப்புங்க இது!" என்று மனைவி வரலட்சுமி சமையலறையைப் பூட்டிவிட்டார். இண்டக்ஷன் அடுப்பு மோட்டார் ரூமுக்குப் போனது அப்படித்தான்.

சென்னகிருஷ்ணன் எட்டு முட்டையை அடித்து, கொதிக்கிற பாலை ஒரேயடியாக ஊற்றினார். ரம் வாசத்தோடு முட்டைப் பொரியல் வந்தது. மறுபடி செய்து பார்க்கலாம் என்று நினைக்கும்போதே மகன் கூப்பிட்டான்.

"டிக்கெட் போடலீங்கப்பா. அடுத்த வருசம் பாக்கலாம்."

நாலு வருசமாக இதே அடுத்த வருசம்தான்.

"செரி கண்ணு, உடம்பப் பாத்துக்கோ."

பொரியலைத் தெருப்பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

முட்டை தந்தவர் பக்கத்து வீட்டு சாஜிதா பேகம். அவரிடம் ரம்மைச் சொல்ல முடியாமல், கேக் செய்ய என்று சொல்லித்தான் சென்னகிருஷ்ணன் வாங்கியிருந்தார். இப்போது கேட்டருகே இவர் தலை தெரிந்தாலே போதும், அந்தம்மா கேட்டுவிடுவார்.

"ஏனுங்ண்ணா, எங்களுக்கு ஒரு துண்டு கேக் இன்னும் வரலீங்களே?"