மணி வைத்த கன்ட்ரோலர்

கிறிஸ்துமஸ் என்றாலே சகாயம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காரணம் அவள் புருஷன் செபஸ்தியான். காரைக்குடியில் மாதா கோயிலுக்கு எதிரே பேக்கரி வைத்திருந்தார். பண்டிகைக் காலையில் பங்கு மக்கள் மசாலா தடவிய கோழியையும் ஆட்டுத் தொடையையும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து, அவருடைய கரியடுப்பில் வைக்கக் கொடுத்துவிட்டுப் பூசைக்குப் போவார்கள். பூசை முடிந்து, வெந்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் விருந்து. ஊரே பூசை காண, அடுப்புக்குக் காவல் இவர். கல்யாணமான நாளிலிருந்து அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஆண்கள் பக்கத்தைக் கண்ணால் துழாவியதுதான் மிச்சம். பட்டுச்சேலை கட்டி என்ன பிரயோசனம்? பார்க்க வேண்டிய மனுஷன் புகையில் நிற்கிறார்.

அடுப்புச் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் மதுரையில் கிடைக்கிறது என்று தொண்ணூற்றாறில் அவள் காதில் விழுந்தது. அவ்வளவுதான், ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

“இந்த வருஷம் நீங்க பூசைக்கு வாரீக. இல்லைன்னா நானும் போகமாட்டேன்.”

இருவரும் மதுரைக்குப் போனார்கள். கடைக்காரர் சத்தியமூர்த்தி மூன்றை எடுத்து வைத்தார். வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கம்பியை அடுப்புக்குள் விட்டால், சூடு குறையும்போது சின்ன விசிறி ஓடிக் கரியை ஊதும், ஏறினால் நின்றுவிடும். முதலாவது சூட்டைச் சிவப்பு எண்ணில் காட்டியது. விலையைக் கேட்டதும் செபஸ்தியான் அதை மெல்ல அங்குட்டுத் தள்ளினார். அடுத்ததில் சூட்டைக் கூட்டிக் குறைக்க வெறும் திருகு. மூன்றாவதில் திருகோடு மணியும் இருந்தது. கரி தீர்ந்து, விசிறி ஊதியும் சூடு ஏறாவிட்டால் அடிக்கும்.

“மணி எதுக்குங்க? நிம்மதியா இருக்க விடாதே.”

“மணி இல்லாட்டி என்னால உக்கார முடியாது சகாயம். உடம்பு கோயில்ல இருக்கும், உசுரு அடுப்புல கெடக்கும்.”

சரி, உடம்பாவது வரட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். கோயில்வரை கேட்குமா என்று அவர் அடித்துக் காட்டச் சொன்னார். கணீரென்று கேட்டது. எங்கோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று அவளுக்குப் பட்டது. பிறகு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துபோனாள்.

பண்டிகையன்று செபஸ்தியான் வெள்ளைச் சட்டை போட்டு ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சாமியாரின் பிரசங்கம் நீண்டது, பாதிப் பேர் கண் செருகினார்கள். அப்போது கணீர் கணீரென்று மணி. தூங்கியவர்கள் பதறியடித்து முழந்தாளிட்டார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும். பூசை நடுவில் பீடத்து மணி அடித்ததும் மண்டியிட்டுப் பழகிய முழங்கால்கள் வேறென்ன செய்யும்! நின்றது செபஸ்தியான் ஒருவர்தான், திருட்டு முழியோடு.

சாமியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “போயிப் பாத்துட்டு வாங்க, செபஸ்தியான். என் கோழியும் அங்கதான் வேகுது” என்றார் மைக்கிலேயே.

கோயிலே சிரித்தது. சகாயம்மாள் சிரிக்கவில்லை. அடுப்பிடம் போன மனுஷன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. இந்த வருஷமும் போச்சு. காணிக்கைப் பாட்டும் முடிந்தது, அவர் இடம் காலியாகவே கிடந்தது.

பீடத்தில் நிஜ மணி அடித்தது. ஒருவரும் மண்டியிடவில்லை. அடுப்புக்கு மறுபடியும் என்ன கேடோ என்று எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

வாசலுக்கு உள்ளே, சட்டையெல்லாம் கரியாக, செபஸ்தியான் மட்டும் முழந்தாளில் இருந்தார். அவர் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. சகாயம்மாளுக்கு மனசு நிறைந்து கண் கலங்கியது. அடுத்து மண்டியிட்டவள் அவள்தான். ஊர் அதற்குப் பிறகு மண்டியிட்டது.